நாற்பத்து மூன்று மணி நேரப் பூட்டு

தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. பூட்டக்கா என்றால்தான் தெரியும். யாரோ பூட்டு அக்கா என்று ஆரம்பித்து, நாக்கு வளைந்து அப்படி ஆகிவிட்டது. "பூட்டக்கா, கடையைப் பூட்டக்கா!" என்று கேலி செய்கிறவர்களிடம், "பூட்டுறது நீங்க, சாவியைத் தொலைக்கிறதும் நீங்க. திறக்கிறது மட்டும்தான்யா நான்" என்பாள்.

அவள் கடை ஒரு மாடிப்படியின் அடியில் இருந்தது. உட்கார்ந்தால் தலை தட்டாது, எழுந்தால் தட்டும். சாவி வெட்டும் இயந்திரம் ஒன்று, சுவர் முழுக்க வெட்டாத சாவிகள், ஓர் இரும்புப் பெட்டி நிறைய கருவிகள், அட்டை போட்ட ஒரு நோட்டு. யார் வீட்டுக் கதவைத் திறந்தாலும் அந்த நோட்டில் நாள், நேரம், வீட்டுக்காரரின் கையெழுத்து மூன்றும் இருக்க வேண்டும். காவல் நிலையத்தின் உத்தரவு அது. வருடத்துக்கு ஒருமுறை இரண்டு பேர் வந்து, "இவர் நடத்தைக்கு நாங்கள் பிணை" என்று கையெழுத்துப் போட்டால்தான் தொழில் செய்யலாம். அவளுக்கு எதிர் வரிசை ஸ்டேஷனரிக் கடைக்காரரும் வீட்டு உரிமையாளரும் போட்டுக்கொடுத்து வந்தார்கள்.

அதற்கு முன் ஒன்பது வருடம் அவள் பெட்டகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். வங்கிகளில் நகை லாக்கர்கள் இருக்கும் அறைக்குப் பெரிய இரும்புக் கதவு போடுவார்களே, அந்தக் கதவின் உள்பக்கத்தில் நேரப்பூட்டு பொருத்துவது அவள் வேலை. பதினோரு மாத ஒப்பந்தம். பன்னிரண்டாம் மாதம் ஆகிவிட்டால் நிரந்தரம் கேட்பார்கள் என்று, மூன்று நாள் வீட்டில் உட்கார வைத்து, நான்காம் நாள் புதிதாகச் சேர்ந்தவள் போல மறுபடி எடுத்துக்கொள்வார்கள். அப்படி ஒன்பது முறை புதிதாகச் சேர்ந்தாள். பத்தாவது முறை கூப்பிடவில்லை.

அவள் கணவன் ஓர் அரசு அலுவலகத்தில் கார் ஓட்டுநர். பயந்த சுபாவம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வான். ஜாக்கிரதை என்று சொன்னால் ஏற்றுக்கொள்வான். வீட்டைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பான். நாலு படி இறங்கியவன் திரும்பப் போய் நாலாவது முறையும் இழுப்பான். "பூட்டுக்காரி வீட்டுப் பூட்டையே நம்பாத ஆளு நீங்கதாங்க" என்று அவள் சிரிப்பாள். அவளுக்குப் பிணைக் கையெழுத்து மட்டும் அவன் போட்டதில்லை. அரசு ஊழியன் துறை அனுமதி இல்லாமல் யாருக்கும் பிணை நிற்கக் கூடாது. "என் ஒருத்தன் வேலைதான் நம்ம வீட்டுக்கே பாதுகாப்பு. அதுல கை வைக்கச் சொல்லாதே" என்பான். அவளும் சொன்னதில்லை.

இப்படி இருக்கையில் அவளுக்கு ஒரு வேலை வந்தது. வங்கிக் கதவுகளைப் பராமரிக்கும் கம்பெனி ஒன்று அவளைத் தேடி வந்து, வேலை தெரிந்த ஆள் வேண்டும், நிரந்தரம், சீருடை உண்டு என்றது. திங்கட்கிழமை காலை உத்தரவை வாங்கிக்கொள்ளலாம். கணவன் அலுவலகம் முழுக்கச் சொல்லிவிட்டான். சீருடைக்கு வேண்டும் என்று கறுப்பு ஷூ ஒன்று வாங்கி, அட்டைப் பெட்டியோடு மேசைமேல் வைத்திருந்தான்.

அதற்கு முந்திய சனிக்கிழமை, மதியம் மூன்றேகால் மணி. அவள் கடையைச் சாத்திக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. பேசியது பக்கத்துத் தெரு வங்கியின் காவலாளி. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் மிலிட்டரி.

"பூட்டக்கா, பெட்டியை எடுத்துக்கிட்டு ஓடி வாங்க. லாக்கர் ரூமுக்குள்ள ஆள் மாட்டிக்கிச்சு."

அவள் ஓடினாள். பெட்டி இருபது கிலோ. வங்கி ஐந்து நிமிட நடை.

வங்கிக்குள் விளக்குகள் பாதி அணைந்திருந்தன. லாக்கர் அறைக் கதவின் முன்னால் மேனேஜர் சட்டை நனைய நின்றிருந்தார். சனிக்கிழமை அரைநாள். இரண்டு மணிக்கு மூடும் அவசரத்தில், லாக்கர் கிளார்க் சாப்பிடப் போய்விட்டாள் என்று நினைத்து, அவரும் தலைமைக் காசாளரும் சேர்ந்து கதவைச் சாத்தி, நேரப்பூட்டை முடுக்கிவிட்டார்கள். அவள் உள்ளே, கடைசி வரிசையில், சரியாக மூடாத ஒரு லாக்கரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். வெளியே விளக்கை அணைத்தார்கள், ஷட்டரை இறக்கினார்கள். கடைசியாகச் சுற்றிப்பார்க்க வந்த மிலிட்டரிதான் அவளுடைய ஸ்கூட்டர் நிழலில் அப்படியே நிற்பதைக் கண்டார். உள்ளே போய்ப் பார்த்தால் நாற்காலியில் அவள் கைப்பை. கதவில் காதை வைத்தார். உள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது.

"நம்பர் இருக்கு, ரெண்டு சாவியும் இருக்கு, ஆனா..." என்றார் மேனேஜர்.

"திறக்காது சார்" என்றாள் பூட்டக்கா. அதற்காகத்தானே அந்தப் பூட்டைச் செய்தார்கள்? கொள்ளைக்காரன் மேனேஜர் கழுத்தில் கத்தி வைத்தாலும் மேனேஜராலேயே திறக்க முடியாது. வைத்த மணி ஆக வேண்டும். "எத்தனை மணி நேரம் வெச்சீங்க?"

"நாப்பத்து மூணு. திங்கட்கிழமை காலையில ஒம்பது."

மிலிட்டரி அந்தக் கைப்பையைத் திறந்து காட்டினார். கைப்பேசிக்குப் பக்கத்தில் நீல நிறத்தில் ஒரு சின்ன மூச்சு மருந்துக் குழல். ஆஸ்துமாக்காரர்கள் வாயில் வைத்து இழுப்பது.

"இது இல்லாம அது மாடிப்படிகூட ஏறாது" என்றார்.

சுவரில் ஒரு காற்றுத்துளை இருக்க வேண்டும், உள்ளிருந்து திருகித் திறக்கலாம் என்று அவளுக்குத் தெரியும். எங்கே என்று கேட்டாள். மேனேஜர் தரையைப் பார்த்தார்.

"போன வருஷம் புதுசா ஒரு வரிசை லாக்கர் போட்டோம். அந்தத் துளை அதுக்குப் பின்னாடி போயிடுச்சு."

தீயணைப்புக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். கம்பி வைத்த ஒரு முழம் கான்கிரீட் சுவர். உடைக்கும் கருவி அடுத்த ஊரிலிருந்து வந்து, உடைத்து முடிக்க விடிந்துவிடும், அதற்குள் உள்ளே தூசி நிரம்பிவிடும் என்றார்கள். கம்பெனி மெக்கானிக் வந்துசேர நள்ளிரவு ஆகுமாம். வங்கிக் கதவில் யார் கைவைப்பதானாலும் போலீஸ் முன்னிலையில் என்பதால் இன்ஸ்பெக்டர் வந்து, ஒரு மேசை விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

பூட்டக்கா கதவைத் தடவிப் பார்த்தாள். வேறு தொழிற்சாலையின் கதவு. ஆனால் அமைப்பு அதேதான். சக்கரத்திலிருந்து எத்தனை விரல் தள்ளி, எத்தனை விரல் மேலே என்று அவள் கை தானாக அளந்தது. ஓர் ஒழுங்கான துளை போட்டால் உள்தகடு வரைக்கும் போய்விடலாம். பென்சில் பருமன் போதும். ஆனால் போகிற வழியில் ஒரு கண்ணாடிச் சில்லு இருக்கும். துளையிடுகிறவன் திருடன் என்றுதான் அந்தக் கதவுக்குத் தெரியும்; கண்ணாடி உடைந்தால் இன்னும் நான்கு தாழ்கள் விழுந்துவிடும். அப்புறம் திங்கட்கிழமை ஒன்பது மணி ஆனாலும் திறக்காது.

அவள் முதலில் கம்பெனி அதிகாரிக்குப் போன் செய்தாள். வேலை தருவதாகச் சொன்ன அதே அதிகாரி.

"எழுத்துப்பூர்வமா உத்தரவு இல்லாம நம்ம ஆள் யாரும் கதவுல துளை போட முடியாதும்மா. அதுவும் நீங்க இன்னும் நம்ம ஆள் இல்லை. திங்கட்கிழமைதான்."

"உள்ள மூச்சு முட்டுது சார்."

"புரியுது. ஆனா நீங்க இப்ப தொட்டீங்கன்னா, திங்கட்கிழமையும் இல்லைன்னு வெச்சுக்குங்க."

அவள் போனைப் பையில் போட்டாள். மேனேஜர் தலைமை அலுவலகத்தின் மின்னஞ்சலுக்காகத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சனிக்கிழமை பிற்பகல், கையெழுத்துப் போட வேண்டியவர் விமானத்தில் இருந்தார்.

"துளை போட்டா அந்த ரூமோட செக்யூரிட்டியே போச்சும்மா" என்றார் அவர் மெதுவாக. "அறுநூறு பேரோட நகை உள்ள இருக்கு. நாளைக்கு நான் யாருக்கு பதில் சொல்றது?"

மிலிட்டரி ஒரு நாணயத்தால் கதவை மூன்று முறை தட்டினார். உள்ளிருந்து பதில் மூன்று தட்டு வரும் என்று காத்திருந்தார்கள். இரண்டு வந்தது. மூன்றாவது வரவில்லை.

கண்ணாடி வாசலுக்கு வெளியே அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. தங்க விளிம்புக் கண்ணாடி போட்ட ஒரு லாக்கர்காரர் காவலை ஒதுக்கிக்கொண்டு உள்ளே வந்தே விட்டார்.

"என்ன நடக்குது இங்க? உள்ள என் வீட்டுப் பத்திரம் இருக்கு. அது பத்திரமா இருக்கா?"

"உள்ள ஒரு பொண்ணு இருக்குய்யா" என்றார் மிலிட்டரி.

"அது சரி. என் பத்திரம்?"

பூட்டக்கா இன்ஸ்பெக்டரிடம் போனாள்.

"சார், எழுந்து வந்து இந்தக் கதவுல ஒரு தடவை காதை வைங்க."

அவர் வந்து காதை வைத்தார். மிலிட்டரி மறுபடி தட்டினார். இன்ஸ்பெக்டர் கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் நின்றார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். லாக்கர்காரரின் தோளைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பினார்.

"வெளியில கூட்டம் ஜாஸ்தியா இருக்கு. நான் போய் அதைப் பார்க்கிறேன்" என்று சொல்லி, அவரையும் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

மேனேஜர் அவர் போன திசையைப் பார்த்தார். "நான் எதுவும் சொல்லலை" என்றார்.

"நீங்க எதுவும் சொல்ல வேண்டாம் சார். பிளக் பாயின்ட் எங்க இருக்குன்னு மட்டும் காட்டுங்க."

நாலு மணி பத்து நிமிடத்துக்குத் துளைக்கும் இயந்திரத்தை ஓட்ட ஆரம்பித்தாள். வெளித்தகடு வெண்ணெய் மாதிரி விட்டுக்கொடுத்தது. அதற்குப் பின்னால் இருப்பது சாதாரண இரும்பு அல்ல. முதல் துளையூசி இரண்டு நிமிடத்தில் மழுங்கியது. இரண்டாவதன் முனை தெறித்தது. மிலிட்டரி ஒரு தண்ணீர் பாட்டிலின் மூடியில் ஓட்டை போட்டு, துளையின் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருந்தார். புகையும் நீராவியும் முகத்தில் அடித்தன. அவசரப்பட்டு அழுத்தினால் ஊசி வழுக்கும். ஒரு விரல் அகலம் வழுக்கினால் கண்ணாடி. அவள் தோளால் அழுத்தினாள், மூச்சை எண்ணி எண்ணி விட்டாள். ஒவ்வொரு ஐந்து நிமிடமும் நிறுத்திவிட்டு மிலிட்டரியைத் தட்டச் சொன்னாள். சில நேரம் ஒரு தட்டு பதிலாக வந்தது. இரண்டு முறை ஒன்றுமே வரவில்லை.

அவளிடம் கடினத் தகட்டுக்கான ஊசிகள் ஐந்து இருந்தன. நான்கு போயிற்று. ஐந்தாவதைப் பொருத்தும்போது மேனேஜர் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார்.

"இதுவும் போயிடுச்சுன்னா?"

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க சார்" என்றாள். அவள் வாழ்நாளில் ஒரு மேனேஜரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

ஐந்தே கால் மணிக்கு இயந்திரத்தின் குரல் மாறியது. அலறல் இறங்கி முனகலானது. கடினத் தகட்டைக் கடந்துவிட்டாள். பல் டாக்டர் வைத்திருக்கும் கண்ணாடி போன்ற ஒன்றைத் துளைக்குள் விட்டு டார்ச் அடித்துப் பார்த்தாள். அரை விரல் இடப்பக்கம், கண்ணாடிச் சில்லு முழுசாகப் பளபளத்தது. மெல்லிய ஊசியை மாற்றி உள்தகட்டைத் துளைத்தாள். அது பத்து நிமிடம்.

துளை மறுபக்கம் போனதும் அவள் வாயை அதில் வைத்தாள்.

"தங்கச்சி! கேட்குதா?"

ஒன்றும் இல்லை. காதை வைத்தாள். ஈரமான விசில் மாதிரி ஒரு சத்தம், ஏறி இறங்கி, ஏறி இறங்கி வந்தது. அது மூச்சு.

"தங்கச்சி, நான் பூட்டக்கா. மாடிப்படிக் கடை. உனக்கு ஸ்கூட்டர் சாவி போட்டுக்குடுத்தேனே."

வெகு நேரம் கழித்து, "அக்கா..." என்று வந்தது.

"பேசாத. பேசினா மூச்சு செலவாகும். ஆமான்னா ஒரு தட்டு, இல்லைன்னா ரெண்டு. கையில லாக்கர் மாஸ்டர் சாவி இருக்கா?"

ஒரு தட்டு.

"நல்லது. கதவுகிட்ட வா. உன் நெஞ்சு உயரத்துல ஒரு தகரப் பெட்டி மாதிரி இருக்கும், தடவிப் பாரு. நாலு மூலையிலயும் நாலு திருகாணி. சாவி நுனியை வெச்சுத் திருகு. இடப்பக்கமா."

இருட்டில், இரும்பில் சாவி வழுக்கும் கீறல் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. எதுவோ கீழே விழுந்து உருண்டது.

"அது திருகாணியா, சாவியா?"

பதில் இல்லை.

"தங்கச்சி, சாவி விழுந்திருச்சா?"

ஒரு தட்டு.

மேனேஜர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். பூட்டக்கா டார்ச்சை வாங்கித் துளையின் வாயில் ஒட்டவைத்தாள். "ஒரு நூல் அளவு வெளிச்சம் வருது பாரு. அதுக்கு நேர் கீழ தேடு. அவசரமே இல்லை. நான் எங்கேயும் போகலை. இங்கேயேதான் இருக்கேன்." அவசரம் தலைக்கு மேல் இருந்தது. ஆனால் அவள் குரல், பால்காரனிடம் பேசுவது போல நிதானமாக இருந்தது. எங்கிருந்து அந்த நிதானம் வந்தது என்று பிற்பாடு அவளுக்கே விளங்கவில்லை.

மூன்று நிமிடம். ஒரு தட்டு. கிடைத்துவிட்டது.

நான்கு திருகாணியும் கழல இருபது நிமிடம் ஆயிற்று. கடைசியாக மூடி கழன்று விழுந்த சத்தம் எல்லோருக்குமே கேட்டது.

"உள்ள மூணு கடிகாரம் வரிசையா இருக்கும். அதுக்குக் கீழ குறுக்கே ஒரு பித்தளைப் பட்டை. அதை வலப்பக்கத்துலேர்ந்து இடப்பக்கமா தள்ளு. ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளும். விடாத. நான் சொல்ற வரைக்கும் பிடிச்சுக்கோ." பிறகு திரும்பினாள். "சார், நம்பரைப் போடுங்க. ரெண்டு சாவியும் உள்ள இருக்கட்டும்."

மேனேஜர் எண்ணைப் போட்டார். தப்பாகப் போனது. இரண்டாம் முறை போட்டார். பூட்டக்காவும் மிலிட்டரியும் சக்கரத்தைப் பிடித்தார்கள்.

"தள்ளு தங்கச்சி!"

சக்கரம் அசையவில்லை. உள்ளே ஒரு முனகல்.

"இன்னும்! உடம்பையே சாய்ச்சுத் தள்ளு!"

சக்கரம் கால்வாசி சுற்றி, நின்று, பிறகு தடதடவென்று முழுதாகச் சுற்றியது. நான்கு அங்குல கனமுள்ள தாழ்கள் பின்வாங்கும் சத்தத்தை அவள் தொழிற்சாலையில் ஆயிரம் முறை கேட்டிருக்கிறாள். அன்று அந்தச் சத்தம் முழுதாக அடங்கும்வரை அவள் சக்கரத்தை விடவில்லை.

கதவைத் திறந்தபோது உள்ளே இருந்தவள் அதோடு சேர்ந்து சாய்ந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. வலக்கை விரல் நுனிகளில் ரத்தம். மிலிட்டரி மருந்துக் குழலை அவள் வாயில் வைத்து அழுத்தினார். ஒருமுறை, இரண்டுமுறை. மூன்றாவது முறைதான் மருந்து உள்ளே போனது. மணி ஆறு ஐந்து. ஆம்புலன்ஸ்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். மேனேஜரின் கணினியில் ஆறேகால் மணிக்கு மின்னஞ்சல் வந்தது: நிபுணர் வரும்வரை கதவைத் தொட வேண்டாம்.

பூட்டக்காவின் கணவன் ஆறரைக்கு வந்து சேர்ந்தான். அவளுடைய கருகிய சட்டைக் கையைப் பார்த்தான். "உனக்கு ஒண்ணும் இல்லையே?" என்றான். பிறகு, "கம்பெனிக்குத் தெரியுமா?" என்றான்.

"தெரியும்."

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. அரை நிமிடம்கூட நீடிக்கவில்லை. அவன் ஷூ பெட்டியை எடுத்து அலமாரியின் மேல் தட்டில் வைத்தான்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. புதன்கிழமை அந்தத் தங்க விளிம்புக் கண்ணாடிக்காரர் தன் லாக்கரைத் திறந்து பார்த்தார். பத்திரம் இருந்தது. ஆனால் இரட்டை வடச் சங்கிலி ஒன்றைக் காணவில்லை என்றார். வியாழக்கிழமை காலை பூட்டக்காவைக் காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள். அவள் நோட்டையும் இரும்புப் பெட்டியையும் கொண்டுபோய் வைத்தாள்.

"பேங்க் கதவை ரெண்டு மணி நேரத்துல திறக்கத் தெரிஞ்ச ஆளு இந்த ஊர்ல நீ ஒருத்திதான்" என்றார் இன்ஸ்பெக்டர். "வேற யாரைம்மா நான் கேட்கிறது?"

"நான் அந்த ரூமுக்குள்ள கால்கூட வைக்கலை சார். நீங்களும் அங்கதானே இருந்தீங்க?"

"இருந்தேனா? நான் வாசல்ல இருந்தேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஏன் வாசலுக்குப் போனேன்னு எனக்கு மேல இருக்கிறவர் என்னைக் கேட்டுக்கிட்டிருக்காரு. உன் ஒருத்திக்குத்தான் தலைவலின்னு நினைக்காதே. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள ரெண்டு பேர் பிணை வேணும். நீ ஊரை விட்டுப் போகமாட்டே, கூப்பிட்டப்ப வருவேன்னு அவங்க பொறுப்பு. இல்லைன்னா பெட்டியும் இங்கதான், நீயும் இங்கதான்."

ஸ்டேஷனரிக் கடைக்காரருக்குப் போன் செய்தாள். "தப்பா நினைக்காதம்மா. உன்னை எனக்குத் தெரியும். ஆனா இது பேங்க் சமாச்சாரம். கழுத்துல கயிறு விழுந்துரும்" என்றார். வீட்டு உரிமையாளர் போனை எடுக்கவில்லை. வங்கியிலிருந்தும் யாரும் வரவில்லை. இந்த விஷயத்தில் எவரும் வாய் திறக்கக் கூடாது என்று சுற்றறிக்கை போயிருந்தது.

சுற்றறிக்கையை மதிக்காமல் வந்தவர் மிலிட்டரி மட்டும்தான். மூன்று மணிக்கே வந்து, "எங்க போடணும்?" என்று கேட்டுப் போட்டுவிட்டு, டியூட்டிக்கு நேரமாகிறது என்று போனார். அவரும் ஒப்பந்த ஆள்தான். இன்னும் ஒரு கையெழுத்து வேண்டும்.

நாலு மணி ஆயிற்று. ஐந்து ஆயிற்று. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவளுக்கு யாரையும் தோன்றவில்லை. கணவனுக்கு அவள் சொல்லவே இல்லை. சொன்னால் அவன் பயப்படுவான், பயந்தால் கோபப்படுவான். சொல்லிக்காட்டுவானோ என்பதைவிட, சொல்லாமல் முகத்தைத் தொங்கப்போட்டு நிற்பானோ என்பதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

ஐந்து நாற்பதுக்கு அவன் வாசலில் வந்து நின்றான். ஓட்டுநர் சீருடையிலேயே இருந்தான். மிலிட்டரி சொல்லியிருக்கிறார்.

"கவர்மெண்ட் ஆளா?" என்றார் இன்ஸ்பெக்டர் சீருடையைப் பார்த்து. "டிபார்ட்மெண்ட் அனுமதி இருக்கா?"

"இல்லைங்க."

"அனுமதி இல்லாமப் போட்டா மெமோ வரும். தெரியும்ல?"

"தெரியுங்க. பேனா குடுங்க."

தாளை வாங்கி அவன் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தான். மறுபடி படித்தான். மூன்றாம் முறை அவன் படித்தபோது இன்ஸ்பெக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்; அவன் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் கையெழுத்துப் போட்டான். தெளிவாக, முழுப் பெயரும் எழுதி, பதவியும் எழுதினான்.

திரும்பி நடந்து வரும்போது தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. நோட்டு மட்டும் நிலையத்திலேயே இருந்தது; பெட்டியை அவன்தான் தூக்கி வந்தான்.

"ஏங்க போட்டீங்க?" என்று கேட்டாள்.

"பின்ன, உன்னை அங்க விட்டுட்டு வரச் சொல்றியா?" கொஞ்ச தூரம் நடந்தார்கள். "பயமா இருக்கு" என்றான்.

"எனக்கும்தாங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை வரை அந்தப் பயம் வீட்டில் ஒரு விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தது. கடைக்கு ஆள் வருவது நின்றுபோனது. சாவி நகல் எடுக்க வந்த ஒரு பெண், "வேண்டாம், அப்புறம் வர்றேன்" என்று பாதியில் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனாள். வெள்ளிக்கிழமை மதியம் அந்த லாக்கர்காரர் காவல் நிலையத்துக்கு வந்தார். சங்கிலி அவருடைய இளைய மகள் வீட்டில் இருந்ததாம். ஆறு மாதத்துக்கு முன் அவரே எடுத்துக் கொடுத்திருக்கிறார், மறந்துவிட்டாராம். புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பூட்டக்காவிடம் அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர்தான் போன் செய்து, "வந்து நோட்டை எடுத்துட்டுப் போம்மா" என்றார். போனபோது ஒரு டீ வாங்கிக்கொடுத்தார்.

கணவனுக்கு மெமோ வந்தது. ஆறு மாதத்துக்கு ஊதிய உயர்வு இல்லை. அதை அவன் மடித்து, ஷூ பெட்டிக்குள் வைத்தான். மேனேஜரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். தீயணைப்பு நிலையத்தில் மட்டும் அவளுடைய எண்ணை எழுதிச் சுவரில் ஒட்டிவைத்தார்கள். குளியலறையில் மாட்டிக்கொண்ட குழந்தை, லிஃப்டில் மாட்டிக்கொண்ட கிழவர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கடைக்கு மெல்ல ஆள் திரும்பி வந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை லாக்கர் கிளார்க் போன் செய்தாள். காவல் நிலையத்துக்கு வராததற்கு மன்னிப்புக் கேட்டாள். வரக் கூடாது என்று வங்கியில் கையெழுத்து வாங்கிவிட்டார்களாம். பிறகு தயங்கினாள்.

"அக்கா, ஒண்ணு கேட்கணும். சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

"என்னால பாத்ரூம் கதவைத் தாழ் போட முடியலை. தாழ் போட்டா மூச்சு நிக்குது. ரெண்டு மாசமா அம்மா வெளியில நின்னு கதவைப் பிடிச்சுக்கிறாங்க."

பூட்டக்கா சிரிக்கவில்லை. அரை மணியில் பெட்டியோடு அவள் வீட்டுக்குப் போனாள். பழைய தாழைக் கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளே பூட்டிக்கொண்டாலும் வெளியிலிருந்து ஒரு நாணயத்தால் திருகித் திறக்கிற மாதிரி ஒரு பூட்டைப் பொருத்தினாள். நாணயம் ஒன்றைக் கதவு நிலைமேல் வைத்தாள்.

"உள்ள போ. பூட்டு. நான் வெளியில இருந்து திறந்து காட்டுறேன்."

அந்தப் பெண் உள்ளே போனாள். கதவு மூடியது. பூட்டு விழவில்லை.

"அவசரம் இல்லை" என்றாள் பூட்டக்கா. கீழே உட்கார்ந்து, கழற்றிய திருகாணிகளைப் பொறுக்கிப் பெட்டியில் போட ஆரம்பித்தாள். சமையலறையில் அந்தப் பெண்ணின் அம்மா குழாயை மூடிவிட்டு அசையாமல் நின்றாள். ஐந்து நிமிடம் போயிருக்கும். உள்ளே பூட்டு 'டக்' என்று விழுந்தது.